யுகுலேலேயில் சஸ் கார்டு: ச-வும் ப-வும் இருக்கட்டும், க-வை மட்டும் எடுத்துவிடுங்கள்

சின்னக் கிட்டார் மாதிரி இருக்கும் நாலு கம்பி யுகுலேலே கையில் வந்த கொஞ்ச நாளிலேயே சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நாலு கார்டும் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவதுதான் கார்டு) விரலுக்குப் பழகிவிடும். அந்த நாலை வைத்தே நிறைய சினிமாப் பாட்டு ஓட்டிவிடலாம். அதற்கப்புறம் வேறொரு பாட்டின் கார்டுகளைத் தேடும்போது நடுவில் ‘டி சஸ்4’, ‘ஏ சஸ்2’ என்று ஒன்று வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் அந்த ‘சஸ்’ஸை விட்டுவிட்டு வெறும் டி, வெறும் ஏ வாசித்துக் கடந்துபோய்விடுகிறார்கள். அப்படிக் கடந்துபோக வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யுகுலேலேயில் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிற கார்டு வேறு இல்லை, நம் மெட்டுகளோடு இவ்வளவு ஒட்டிப்போகிற கார்டும் வேறு இல்லை.

இந்தப் பக்கம் கீபோர்டு, கிட்டார் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். யுகுலேலே என்றால் கிருஷ்ணகிரியிலும் சரி, தர்மபுரியிலும் சரி, பெரும்பாலும் போன்தான் வாத்தியார். அதில் வருகிற பாடங்கள் நல்ல பாடங்கள்தான், ஆனால் மூன்றாவது, நாலாவது, அரை இடைவெளி, முழு இடைவெளி என்று மேற்கத்திய இசையின் கணக்கிலேயே சொல்லிக்கொண்டு போவார்கள், அந்தக் கணக்கு பழகாதவர் பாதியில் மூடி வைத்துவிடுவார். நமக்கு அந்தச் சுற்று வழி தேவையில்லை. பஜனையில் பாடியவர், கீபோர்டு வகுப்பில் ரெண்டு கீதம் கற்றவர், சரிகமபதநி சொல்லத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் இது ஏற்கெனவே பாதி தெரிந்த விஷயம். அதனால் ஸ்வரத்தை வைத்தே சொல்கிறேன்.

மேஜர் கார்டு என்பது ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலிப்பது. சி மேஜர் என்றால் சி-யை ச என்று வைத்துக்கொண்டு சி, ஈ, ஜி. இங்கே க என்பது அந்தர காந்தாரம், மேல் க. அதை ஒரு படி இறக்கி சாதாரண காந்தாரம் ஆக்கினால் மைனர். ச-வும் ப-வும் ரெண்டிலும் அப்படியேதான் இருக்கின்றன, பாட்டு வெளிச்சமாக இருக்கிறதா கனமாக இருக்கிறதா என்று காதுக்குச் சொல்வது அந்த க ஒன்றுதான். இப்போது அந்த க-வை எடுத்துவிடுங்கள். காலியான இடத்தில் சுத்த மத்யமத்தை வைத்தால் சஸ்4. சதுஸ்ருதி ரிஷபத்தை வைத்தால் சஸ்2. ச-விலிருந்து எண்ணினால் ம நாலாவது, ரி ரெண்டாவது, அந்த எண்தான் பெயரில் வருகிறது.

‘சஸ்’ என்பது சஸ்பெண்டட் என்பதன் சுருக்கம். ஐரோப்பியத் தேவாலயங்களில் பல குரல்கள் சேர்ந்து பாடும்போது மற்ற குரல்கள் அடுத்த கார்டுக்குப் போய்விடும், ஒரு குரல் மட்டும் பழைய ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டிருந்து கொஞ்சம் தாமதமாக இறங்கி வரும். அந்த இறக்கத்துக்காகக் காது காத்திருக்கும் நேரத்தின் ஒலிதான் இது. பிற்காலத்தில், முக்கியமாக 20-ஆம் நூற்றாண்டில், இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்து, ஜாஸிலும் பாப்பிலும் சஸ் கார்டை அப்படியே நிறுத்தி வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ரெண்டு விதமும் நமக்கு வேண்டும்.

தம்புராவை நினைத்துப் பாருங்கள். ப, ச, ச, ச என்றுதான் சுருதி கூட்டுவார்கள், மத்யம சுருதி என்றால் ம, ச, ச, ச. க-வுக்கென்று ஒரு கம்பி கிடையாது. (நன்றாகச் சுருதி கூடிய தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகவே காற்றில் கேட்கும், அது வேறு அழகு.) நம் ஊர்த் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் இரவில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் இதே சங்கதிதான், ச-வும் ப-வும் அடியில் நிற்க, அதன்மேல் முகவீணையும் குரலும் இஷ்டம்போல ஏறி இறங்கும். அந்த ச-ப அடித்தளத்தின்மேல் ஒரு ரி-யோ ம-வோ சேர்த்தால் சஸ் கார்டு. கேட்டுக் கேட்டுப் பழகிய ஒலிதான், பெயர் மட்டும்தான் புதுசு.

சரி, கருவிக்கு வருவோம். சொப்ரானோ, கான்சர்ட், டெனர் என்று எந்த அளவு யுகுலேலேயானாலும் வழக்கமான சுருதி ஜி, சி, ஈ, ஏ. இனிமேல் நான் நாலு எண்கள் எழுதினால் அவை மேலிருந்து கீழே, அதாவது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜி கம்பியில் தொடங்கி சி, ஈ, ஏ என்று இறங்கும் வரிசை. 0 என்றால் கம்பியை அழுத்தாமல் விடுவது, 2 என்றால் ரெண்டாவது ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்களில் ரெண்டாவது. சி மேஜர் 0-0-0-3. கம்பிகளுக்கு எண் சொல்லும்போது மட்டும் வழக்கப்படி கீழே இருந்து: ஏ முதல் கம்பி, ஈ ரெண்டாவது, சி மூன்றாவது, ஜி நாலாவது.

முதல் பாடம் டி-யில். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

நடு விரலை நாலாவது கம்பியில் ரெண்டாவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை மூன்றாவது கம்பியில் ரெண்டாவது ஃப்ரெட்டிலும் வையுங்கள். இந்த ரெண்டு விரலும் இனி நகரக் கூடாது. முதல் கம்பியைத் தொட வேண்டாம். நகரப்போவது ரெண்டாவது கம்பி மட்டும்.

2-2-0-0, டி சஸ்2
2-2-1-0, டி மைனர்
2-2-2-0, டி மேஜர்
2-2-3-0, டி சஸ்4

ஒன்றாவது ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், ரெண்டுக்கும் மூன்றுக்கும் சுண்டு விரல். ஒவ்வொரு படியிலும் நாலு கம்பியையும் மெதுவாக ஒருமுறை மேலிருந்து கீழே தட்டிவிட்டு, முழுதாக ஒலிக்க விட்டு, அப்புறம் அடுத்த படிக்குப் போங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள்: நாலாவது கம்பியில் வருவது ஏ, அது ப. மூன்றாவது கம்பியில் டி, அது ச. முதல் கம்பி திறந்தபடி ஏ, மறுபடியும் ப. நடுவில் இருக்கும் ஈ கம்பி மட்டும் ரி, சாதாரண க, அந்தர க, ம என்று படி ஏறுகிறது. சஸ் கார்டு என்பது மேஜருக்கும் மைனருக்கும் வெளியே எங்கோ இருக்கிற வேறு சாமான் இல்லை, அதே ஏணியின் கீழ்ப் படியும் மேல் படியும்தான் என்று இந்த நாலு தட்டலில் காதுக்கே விளங்கிவிடும்.

வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்தால் ச டி-யில் நிற்கும். கார்டைத் தட்டிக்கொண்டே, நகரும் ஸ்வரத்தை மட்டும் பாடுங்கள், ரி, க, க, ம. இறங்கும்போது ம, க, க, ரி. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, கார்டுக்குள் எது நகர்கிறது என்பதைத் தொண்டை பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாலக்கோட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண் என்னிடம், “அண்ணா, சஸ்4 எது, சஸ்2 எதுன்னு கேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு 2-2-3-0 தட்டி, “இதுல ஏதாவது ஒரு ஸ்வரம் கீழே இறங்கணும்னு தவிக்குதா பாரு” என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவளாகவே ம-விலிருந்து க-வுக்கு இறங்கிப் பாடினாள். அதற்கப்புறம் 2-2-0-0 தட்டினேன், அது அப்படித் தவிக்கவில்லை, அகலமாகப் பரவி நின்றது. அந்தப் பெண்ணுக்கு அதன்பின் சந்தேகம் வரவில்லை. காரணம் எளிது, ம-வுக்கும் அந்தர க-வுக்கும் நடுவில் ஒரே ஒரு ஃப்ரெட்தான் இடைவெளி, அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இழுப்பு அதிகம். ரி-க்கும் அந்தர க-வுக்கும் ரெண்டு ஃப்ரெட் தூரம், அதனால் அந்த இழுப்பு குறைவு.

அடுத்தது ஜி. பஜனையில் பெண்கள் பாடுவது பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டித்தான், அது ஜி, எனவே வீட்டில் அக்காவோ அம்மாவோ பாடினால் இந்த ஏணிதான் உதவும். ஜி மேஜர் 0-2-3-2, இது உங்களுக்குத் தெரியும்: ஆள்காட்டி மூன்றாவது கம்பியில், மோதிர விரல் ரெண்டாவது கம்பியில், நடு விரல் முதல் கம்பியில். நடு விரலை மட்டும் தூக்குங்கள், 0-2-3-0, ஜி சஸ்2 ஆகிவிட்டது. மறுபடி நடு விரலை வைத்து, அதை எடுக்காமலே முதல் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் சுண்டு விரலை வையுங்கள், 0-2-3-3, ஜி சஸ்4. சுண்டு விரலை எடுத்தால் ஜி மேஜர் அடியிலேயே தயாராக இருக்கும். ஜி மைனர் 0-2-3-1, அதற்கு விரல்களை மாற்றி வைக்க வேண்டும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மற்ற மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏ மேஜர் 2-1-0-0, அதில் ஆள்காட்டி மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும், அதே கம்பியில் ரெண்டாவது ஃப்ரெட்டில் மோதிர விரலைச் சேர்த்தால் 2-2-0-0, ஏ சஸ்4. மூன்றாவது கம்பியை முழுதாக விட்டால் 2-0-0-0, ஏ மைனர். சி மேஜரோடு ரெண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டியைச் சேர்த்தால் 0-0-1-3, சி சஸ்4. சி சஸ்2 என்றால் மோதிர விரல் முதல் கம்பியில் இருக்கும் இடத்திலேயே இருக்க, ஆள்காட்டி மூன்றாவது கம்பியில் ரெண்டிலும் நடு விரல் ரெண்டாவது கம்பியில் மூன்றிலும் வந்து உட்காரும், 0-2-3-3. எஃப் சஸ்4 மட்டும் கொஞ்சம் படுத்தும், 3-0-1-1: ஆள்காட்டியைப் படுக்கவைத்து முதல் ரெண்டு கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு மோதிர விரலை நாலாவது கம்பியில் மூன்றில் வைக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கம்பி விறைப்பாக இருக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். 0-2-3-3 ரெண்டு முறை வந்துவிட்டது, ஒரு முறை ஜி சஸ்4 என்று, ஒரு முறை சி சஸ்2 என்று. 2-2-0-0 அப்படியே, டி சஸ்2 என்றும் ஏ சஸ்4 என்றும். அச்சுப் பிழை இல்லை. ஜி, சி, டி மூன்று ஸ்வரங்களும்தான் ரெண்டிலும் இருக்கின்றன. ஜி-யை ச என்று எடுத்தால் ச, ம, ப. சி-யை ச என்று எடுத்தால் ப, ச, ரி. ச-வை மாற்றி வைத்து அதே ஸ்வரக் கூட்டத்தை வேறு பெயரில் கூப்பிடுகிறோம், கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பழைய வித்தைதான். ஆக நாலு பிடிகள் எட்டுக் கார்டுகளைத் தந்துவிடுகின்றன:

0-0-1-3, சி சஸ்4, எஃப் சஸ்2
0-2-3-3, ஜி சஸ்4, சி சஸ்2
0-2-3-0, டி சஸ்4, ஜி சஸ்2
2-2-0-0, ஏ சஸ்4, டி சஸ்2

(டி சஸ்4-க்கு 2-2-3-0 என்று முன்னால் சொன்னதும் சரிதான், 0-2-3-0-வும் சரிதான், ஸ்வரங்கள் அதே மூன்று.) இந்த வரிசையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே நிற்காமல் வாசியுங்கள். ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ரெண்டு ஸ்வரங்கள் பொதுவாக இருக்கும், அதனால் இதுவே கேட்க இதமாக இருக்கிறது, பாட்டே தேவையில்லை. எந்தப் பெயர் சொல்வது என்று குழம்ப வேண்டாம், யுகுலேலேயில் கிட்டார் மாதிரி கனமான கீழ்க்கம்பி இல்லை, பாடுகிறவரின் ச எங்கே நிற்கிறதோ அதுதான் பெயரை முடிவுசெய்யும்.

யுகுலேலேயில் சஸ் ஏன் இவ்வளவு லேசு என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சஸ் கார்டில் மூன்றே ஸ்வரங்கள், நம்மிடம் நாலே கம்பிகள், ஒன்றே ஒன்று இரட்டித்தால் போதும், வேண்டாத கம்பியை அமுக்கி மௌனமாக்கும் வேலை இல்லை. கிட்டாரில் ஆறு கம்பிகளை வைத்துக்கொண்டு இதையே செய்யச் சில கார்டுகளில் மெனக்கெட வேண்டும். போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து 1879-இல் கப்பலேறி ஹோனலுலுவில் இறங்கிய கூலித் தொழிலாளர்களோடு வந்த சின்னக் கம்பிக் கருவியிலிருந்துதான் ஹவாய்க்காரர்களின் யுகுலேலே பிறந்தது, அந்தச் சின்ன உடம்புதான் நமக்கு இங்கே சௌகரியம்.

இனி தாளம். சஸ் கார்டு தெரிந்தும் பாட்டில் சேர்க்க முடியாமல் போவது இடது கையால் இல்லை, வலது கை நின்றுவிடுவதால்தான். தகதிமி சொல்லிக்கொண்டே, தக-வுக்கு 0-2-3-3, திமி-க்கு 0-2-3-2. ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு தட்டு, எல்லாம் கீழ்நோக்கி. சுண்டு விரல் ‘தி’ விழும் நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்காவிட்டால் போகட்டும், வலது கை நிற்கக் கூடாது. இது சரளமான பிறகு ‘தி’யில் தட்டாமல், சுண்டு விரலைத் தூக்கும்போதே கம்பியைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சுண்டி விடுங்கள், தட்டாமலே ஸ்வரம் ம-விலிருந்து க-வுக்கு இறங்கும். நகமும் சதையும் சேருகிற இடம் கம்பியை உரசி விலகுவது விரல் நுனியில் தெரியும், தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஏ-யிலும் சி-யிலும் இதே வித்தை இன்னும் சுலபமாக வரும்.

நம் பக்கத்து மெட்டுகளுக்குத் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் நடை, பழகியே ஆக வேண்டும். மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கிற வேகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு தகிட தகிட ரத்தத்திலேயே இருக்கும். முதல் தகிட முழுக்க சஸ்4, ரெண்டாவது தகிட முழுக்க மேஜர். த-வுக்கு மட்டும் அழுத்தம், கி-யும் ட-வும் லேசாகக் கம்பியைத் தொட்டால் போதும். மெதுவாக ஆரம்பியுங்கள், வேகம் தானாக ஏறும்.

பாட்டில் எங்கே சஸ் சேர்ப்பது என்பதுதான் பலர் கேட்கிற கேள்வி. கார்டு எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. எழுதாத பாட்டிலும் சேர்க்கலாம், அதற்குப் பாடுகிறவரின் ஸ்வரத்தைக் கேட்க வேண்டும். குரல் ம-வில் நின்றால் சஸ்4 கச்சிதமாக உட்காரும். ரி-யில் நின்றால் சஸ்2. ச-விலோ ப-விலோ நீட்டி நிறுத்தினால் எதையும் போடலாம், அங்கேதான் விளையாட்டுக்கு இடம், மேஜர், சஸ்4, மேஜர், சஸ்2, மேஜர் என்று சுற்றி வரலாம். குரல் அந்தர க-வில் நிற்கும்போது மட்டும் சஸ்4 வேண்டாம், க-வும் ம-வும் பக்கத்துப் பக்கத்தில் மோதும், பாடுகிறவருக்கே சுருதி தவறுகிற மாதிரி ஒரு தடுமாற்றம் வரும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே துணைக்கு வாசிப்பது எவ்வளவோ தேவலை. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று மொழிப் பாட்டும் ஒரே வீட்டில் கேட்கும், எந்த மொழியானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். க-வே இல்லாத ராகங்கள் நம்மிடம் இருக்கின்றன. மத்யமாவதியை எடுத்துக்கொள்ளுங்கள், கரகரப்பிரியாவின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), ச, ரி, ம, ப, நி, ச, இறங்கும்போதும் அதே ஐந்து. கச்சேரியின் கடைசியில் பாடுகிற ராகம், நாட்டுப்புற மெட்டுகளிலும் அந்தச் சாயல் நிறைய வரும். இதற்கு மேஜர் கார்டு போட்டால் ராகத்தில் இல்லாத அந்தர க உள்ளே நுழையும். மைனர் போட்டால் சாதாரண க நுழையும். ரெண்டுமே மெட்டின் முகத்தை மாற்றிவிடும். சஸ் கார்டுகளில் இருப்பதோ ச, ரி, ப. ச, ம, ப. அத்தனையும் ராகத்துக்குள் இருக்கிற ஸ்வரங்கள். வெளியூர்ப் பாடங்களில் சஸ்ஸை மேஜருக்கு முன்னால் வருகிற சின்ன அலங்காரம் மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். மத்யமாவதியில் அதுதான் வீடு, இறங்கிப் போக வேறு இடமே தேவையில்லை.

5 கட்டைக்கு, அதாவது ச ஜி-யில் இருக்கும்போது, இப்படி வாசித்துப் பாருங்கள். மெட்டு ச, ரி, ப-வைச் சுற்றி இருக்கும்போது 0-2-3-0. ம-வுக்கு வரும்போது 0-2-3-3. நி-க்கு வரும்போது 0-0-1-3, இதில் ஒலிப்பது ச, ம, நி. அல்லது 0-2-1-3, அதில் ப-வும் சேர்ந்துவிடும், அதன் பெயர் ஜி7 சஸ்4, அந்த 7 என்பது நி. இந்த நாலு பிடியில் ராகத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. 2 கட்டைக்கு 2-2-0-0, 2-2-3-0, நி-க்கு 0-2-3-3. 2 கட்டையில் இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது, எதையும் அழுத்தாமல் நாலு கம்பியையும் திறந்தபடி தட்டினால் வருகிற ஜி, சி, ஈ, ஏ நாலுமே மத்யமாவதிக்குள்தான், ம, நி, ரி, ப. விரல் மாற்ற நேரம் போதாவிட்டால் ஒரு தட்டு சும்மா தட்டிவிட்டுப் போகலாம், கெடாது.

சுத்த சாவேரியிலும் க இல்லை, ச, ரி, ம, ப, த. ஜி-யில் வைத்தால் 0-2-3-0, 0-2-3-3, அப்புறம் த வரும் இடத்துக்கு 2-2-0-0. சரியாகப் பொருந்தும்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். நம் ராகத்தில் ஸ்வரம் அசைந்து நிற்கும், கார்டு அசையாது. அதனால் ராகம் சார்ந்த மெட்டுக்குத் துணை வாசிக்கும்போது தட்டு குறைவாக, மெதுவாக இருக்க வேண்டும், நாலு அட்சரத்துக்கு ஒரு தட்டு போதும், கட்டை விரலின் சதையால். பாடுகிறவர் ரி-யை ஆட்டிக்கொண்டிருக்கும்போது நாம் விசிறியடித்தால் பாட்டு காணாமல் போய்விடும்.

சஸ்2 என்று நினைத்துப் பலர் வாசிப்பது வேறொரு கார்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 0-2-0-3 வாசித்தால் ஜி, டி, ஈ, சி வரும், ரி இருக்கிறது, க-வும் இருக்கிறது. அது சி ஆட்9. அழகான கார்டுதான், சினிமாப் பாட்டுகளுக்கு நன்றாக உட்காரும், ஆனால் க உள்ளே இருப்பதால் மத்யமாவதிக்கு ஆகாது. பெயரில் சஸ் இருந்தால் க இருக்கக் கூடாது, ஆட் இருந்தால் க-வோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது, இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் ஜி7 சஸ்4-இலிருந்து ஜி7-க்கும், அதிலிருந்து சி-க்கும் போவதைப் பழகுங்கள், 0-2-1-3, 0-2-1-2, 0-0-0-3. பாட்டின் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் இந்த மூன்றும் வந்தால் எல்லாரும் தானாகவே பல்லவியை எடுத்துவிடுவார்கள்.

சஸ் கார்டில் சுருதி கொஞ்சம் பிசகினாலும் உடனே தெரியும், மேஜரில் அவ்வளவு தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சுருதி பாருங்கள். நைலான் கம்பி புதிதாக மாட்டியிருந்தால் சில நாள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தர்மபுரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைக்க வேண்டாம், காருக்குள் பூட்டிவிட்டும் போக வேண்டாம். கம்பி இறங்குவதைச் சரிசெய்துவிடலாம், மரம் வளைந்து பாலம் (கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) தூக்கிக்கொண்டால் நாமாகச் சரிசெய்வது கஷ்டம். விரலை ஃப்ரெட் கம்பிக்கு மேலே வைக்காமல் அதற்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல வையுங்கள், குறைந்த அழுத்தத்தில் சுத்தமாக ஒலிக்கும், அழுத்தம் அதிகமானால் ஸ்வரமே மேலே போய்விடும்.

பாரிடோன் யுகுலேலே வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிடிகள் அப்படியே பொருந்தும், ஆனால் கம்பிகள் டி, ஜி, பி, ஈ என்று இருப்பதால் பெயர்கள் மாறும்: நான் சி என்று சொன்னது உங்களுக்கு ஜி, நான் ஜி என்று சொன்னது உங்களுக்கு டி. ஸ்வரக் கணக்கில் படித்தவர்களுக்கு இதில் தொந்தரவே இல்லை, ச இடம் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

கடைசியாக, பாட்டை முடிப்பது. சாதாரண மெட்டாக இருந்தால் சஸ்4-இல் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மேஜரில் இறங்கி முடியுங்கள். மத்யமாவதி மாதிரி க இல்லாத மெட்டாக இருந்தால் மேஜருக்கு இறங்காதீர்கள், முதல் கம்பியில் இன்னும் மேலே ஏறுங்கள்: 0-2-3-0, 0-2-3-3, அப்புறம் சுண்டு விரலை ஐந்தாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோய் 0-2-3-5. முதல் கம்பி ரி, ம, ப என்று ஏறிவிட்டது, கடைசிப் பிடியில் இருப்பது ச-வும் ப-வும் மட்டும். அதை ஒரே ஒரு தட்டு தட்டி, கம்பி தானாக ஓயும்வரை கையை வைக்காமல் விடுங்கள்.